ஆத்தங்குடி கல் பட்டறைக் குடும்பங்கள் 14: சேர்ந்து இடம் வாங்கி வீடு கட்ட எங்கிருந்து தொடங்குவது?

மயில்_ஆத்தங்குடி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில தரைக்குப் பதிக்கிற கல் பட்டறையில கலர் ஊத்துற வேலை எனக்கு. கண்ணாடி மேல அச்சு வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு நிறம் ஊத்தி, அச்சை எடுத்துட்டு சிமெண்டும் மணலும் போட்டு மூடுவோமே, அந்த வேலை. பதினெட்டு வருசமாச்சு. நான் போட்ட கல்லு எந்தெந்த ஊர் வீட்டுலயோ கிடக்கு. எங்க வீட்டுத் தரை வெறும் சிமெண்ட் பால்தான்.

எங்க மகளிர் குழுவுல 14 பேர். கணக்கு எழுதுறது நான். பத்துப் பேர் பட்டறை வேலை, மூணு பேர் கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போறவங்க, ஒருத்தி காரைக்குடியில பழைய கதவு, தூண் விக்கிற கடையில வேலை பாக்குறா. இதுல அஞ்சு குடும்பம் தோப்பு ஓரத்துல கூரை வீடு. ஆறு குடும்பம் வாடகை ஓட்டு வீடு. நாங்க மூணு குடும்பம் பூட்டிக் கிடக்குற பெரிய வீடுகள்ல பின்கட்டுல காவலுக்கு இருக்கோம். பேருதான் நூறு வருசத்து வீடு. போன தை மாசம் எங்க தெருவுல ஒரு வீட்டை வித்தாங்க. அதுல காவலுக்கு இருந்த குடும்பத்துக்குப் பத்து நாள் கெடு. தூணு, நிலை, உத்தரம் எல்லாம் லாரியில ஏறுறதப் பாத்துக்கிட்டே அவங்க சட்டி பானையத் தூக்கிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரிதான் குழுவுல இந்தப் பேச்சு வந்துச்சு.

இப்ப ஊருக்கு வெளிய 62 சென்ட் புஞ்சை, தரிசாக் கிடக்கு. சென்ட் 45,000 சொல்றாங்க. எங்ககிட்ட குழுச் சேமிப்பு 7,40,000 இருக்கு. ஒரு இன்ஜினியர் தம்பி கலர்ல வீட்டுப் படம் போட்டுக் குடுத்திருக்கார். முன்னால ரெண்டு தூணு, திண்ணை, மேல போக மாடிப்படி. அந்தப் படத்தைப் பாத்ததுல இருந்து யாருக்கும் தூக்கமில்ல. புரோக்கர் ஆவணி பிறக்குறதுக்குள்ள 2 லட்சம் அட்வான்ஸ் கேக்குறார்.

இடத்தை யார் பேருல வாங்கணும்? அரசாங்க வீட்டுத் திட்டப் பணம் குழுவுக்கு வருமா? எல்லாரும் சேந்து கட்டினா செலவு குறையுமா? எங்களுக்கு இதையெல்லாம் உக்காந்து சொல்லித்தர ஆள் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ஓவர்சியர் எழுதியது:

தாயி, முதல்ல அந்த அட்வான்ஸைக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால் உடனே இங்கே எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நான் முப்பது வருஷம் ஒன்றியங்களில் ஓவர்சியராக வேலை பார்த்தவன். தொகுப்பு வீடு, பசுமை வீடு, பிரதமர் வீடு என்று எத்தனையோ வீட்டுக்கு அளவுப் புத்தகம் எழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு குழுவுக்குக் கூட நின்றேன், 11 குடும்பம். அந்த ஊரைச் சொல்ல விரும்பவில்லை. அங்கேயும் முதலில் வந்தது படம்தான். வரைந்தவர் நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். படத்தில் அவரவர் வீட்டுக்கு அவரவர் பெயரையே எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த இடத்தின் பத்திரத்தைப் பற்றி நான் கேட்ட கேள்வி எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. சொந்த வீட்டைப் படத்தில் பார்த்தவரிடம் வில்லங்கம் பார்ப்போம் என்று சொன்னால், வீட்டைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். புரோக்கரிடம் மூன்றரை லட்சம் போனது. நிலம் ஒரு குடும்பத்தின் பங்காளிச் சொத்து. கையெழுத்துப் போடாத ஒரு பங்காளி மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து வழக்குப் போட்டார். ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் குழுவில் இருவர் இன்று ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நான் அன்றைக்கு இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் இது தனி நோய். வீடானாலும் தோப்பானாலும் புஞ்சையானாலும் தாத்தா பெயரில் இருக்கும். பங்குதாரர் சென்னையில் நாலு பேர், பினாங்கில் இரண்டு பேர், எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர் ஒருவர். கையில் சாவி வைத்திருப்பவர் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். பட்டா யார் பெயரில், அது கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதா, இறந்தவருக்கு வாரிசுச் சான்று உண்டா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்று போட்டால் 1975-க்கு முன்னாலும் தேடச் சொல்லிக் கேளுங்கள். பங்காளிச் சொத்தின் முடிச்சு பெரும்பாலும் அதற்கு முன்னால்தான் இருக்கும். புலப்படமும் (நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் சர்வே வரைபடம்) வாங்குங்கள், அதன் காரணம் பின்னால் சொல்கிறேன்.

அரசுப் பணம் குழுவுக்கு வராது, ஆளுக்குத்தான் வரும். ஊராட்சி எல்லைக்குள் என்றால் கலைஞரின் கனவு இல்லம் இருக்கிறது. 2024-25இல் தொடங்கியது, வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் கூரை. இது குடிசையில் இருப்பவருக்காக வந்தது, பட்டா இடமும் வேண்டும். உங்கள் 14 பேரில் கூரை வீட்டு ஐந்து குடும்பத்துக்கு வழி தெரிகிறது. வாடகை ஓட்டு வீட்டுக்காரர் ஆறு பேருக்கு அவ்வளவு சுலபம் இல்லை. பெரிய வீட்டுப் பின்கட்டில் இருக்கும் உங்கள் மூன்று பேருக்கு இன்னும் கஷ்டம், கணக்கெடுக்க வருபவர் கண்ணுக்கு அரண்மனை தெரியும், நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஆகவே 14 பேருக்கும் ஒரே தொகை வரும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐந்து பேருக்கு வந்து ஒன்பது பேருக்கு வராவிட்டால் குழு என்ன செய்யும்? இதை இடம் வாங்கும் முன்னால் பேசி, நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் ஒருவர் விலகினால் அவர் பணம் எத்தனை மாதத்தில் திரும்பும், அவர் மனையை வெளியாளுக்கு விற்கலாமா, குழுவுக்கே தரவேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

பணம் வந்தாலும் மொத்தமாக வராது. அடித்தளம், ஜன்னல் மேல் மட்டம், கூரை, முடிவு என்று வேலை ஏற ஏறத்தான் வரும். முதல் மட்டம் வரை கைக்காசு. சேர்ந்து கட்டுவதில் உண்மையான லாபம் இங்கேதான். குழுவிடம் 2 லட்சம் சுழல்நிதி இருந்தால் நாலு வீட்டு அடித்தளம் ஏறும், தவணை வந்ததும் அது திரும்பி அடுத்த நாலு வீட்டுக்குப் போகும். உங்கள் சேமிப்பு முழுவதையும் நிலத்தில் போட்டுவிட்டால் இது நடக்காது.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

பத்திர எழுத்து வேலை பார்க்கிறேன். ஓவர்சியர் அய்யா சொன்னதோடு பதிவு சம்பந்தமாக மட்டும்.

புஞ்சையை 14 பேர் கூட்டாகக் கிரையம் வாங்கி, பிறகு நாமே மனையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2016க்குப் பிறகு அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது. நகர் ஊரமைப்புத் துறையிடம் (DTCP) அனுமதி வாங்கிய மனைப்பிரிவாக இருக்க வேண்டும். அதை நிலச் சொந்தக்காரர் பெயரிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். நீங்கள் அவரோடு கிரைய ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்யுங்கள் (தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பதிவு கட்டாயம்). அனுமதி வந்ததும் 14 மனையையும் நேரடியாக 14 பெண்கள் பெயரில் கிரையம் செய்யலாம். மொத்தமாக வாங்கிப் பிறகு பிரித்தால் பதிவுச் செலவு இரண்டு தடவை.

62 சென்ட் 45,000 வீதம் 27,90,000. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. தனித்தனி மனையாகப் போனால் உங்களுக்கு அது கிடைக்கும். ஒரே பத்திரமாகப் போனால் கிடைக்காது.

62 சென்ட் என்பது 2,500 சதுர மீட்டரை ஒட்டி வருகிறது. 3,000 சதுர மீட்டருக்குக் கீழே இருப்பதால் பூங்காவுக்கு 10 சதவீதம் விடவேண்டிய விதி வராது. சாலையைத் தான செட்டில்மெண்டாக உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பங்காளி பவர் அனுப்பினால் அது அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் ஆகியிருக்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கேன் காப்பியைக் காட்டி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மயில்_ஆத்தங்குடி எழுதியது:

அய்யா, அண்ணே, ரெண்டு பேருக்கும் கும்பிடு. நல்ல வேளை அட்வான்ஸ் குடுக்கல. நேத்து சாயங்காலம் எல்லாரையும் வரச்சொல்லி நீங்க எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். ஈப்போக்காரர் வழக்கு வந்த இடத்துல ஒருத்தி எந்திரிச்சு வெளிய போயிட்டா. அவ தாலிச் செயினை வச்சுத்தான் இந்த மாசப் பங்கு போட்டிருந்தா.

விசாரிச்சுட்டோம். நிலத்துக்கு ஆறு பங்காளி. நாலு பேர் இந்தியாவுல. ஒருத்தர் பினாங்கு. ஒருத்தர் ரெண்டு வருசம் முன்ன தவறிட்டார், அவர் பிள்ளைங்க கோலாலம்பூர்ல. இந்தியாவுல இருக்குறவங்கள்ல மூத்தவர் நல்லாப் பேசினார். "அவசரம் எனக்கில்ல, புரோக்கருக்குத்தான்" அப்டின்னார். பங்காளிகளைச் சேத்துக் கையெழுத்து வாங்கித் தர்றேன், மனைப்பிரிவுக்கு என் பேருல போடுங்கன்னு சொல்லியிருக்கார்.

இன்னொண்ணு. நிலத்துக்கு மேக்க ஒரு பள்ளம் போகுது. பக்கத்துத் தோப்புல இருக்குற ஆச்சி, ஐப்பசி மழையில அதுல தண்ணி ஊருணிக்கு ஓடும்னு சொன்னாங்க. படத்துல அந்தப் பள்ளத்து மேல மூணு வீடு இருக்கு.

பழைய ஓவர்சியர் எழுதியது:

அதற்காகத்தான் புலப்படம் வாங்கச் சொன்னேன். அது ஊருணிக்கு வரத்துக்கால், அதாவது மழைத் தண்ணீரைக் கொண்டு சேர்க்கும் வாய்க்கால். புலப்படத்தில் கோடு இருந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை, கட்டவே கூடாது. கோடு இல்லாவிட்டாலும் கட்டாதீர்கள். நம்ம ஊர்களைப் போட்டவர்கள் தெருவையும் ஊருணியையும் சேர்த்தே போட்டார்கள். வீட்டுக் கூரைத் தண்ணீர் தெருவுக்கு வந்து, தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போகும். வற்றாத ஆறு இல்லாத சீமையில் பெரிய பெரிய ஊர்கள் நின்றது இப்படித்தான். ஆச்சி சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அனுமதிக்குப் போகும்போது உதவும்.

வடக்கு வரப்பு ஊராட்சியா பேரூராட்சியா என்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். பேரூராட்சி எல்லை ஆகிவிட்டால் கனவு இல்லம் இல்லை, நகர்ப்புற வீட்டுத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

கீழக்கட்டு எழுதியது:

மயில் அக்கா, நான் காரைக்குடியில் கட்டிடக் கலைஞராக இருக்கிறேன். வேலை தொடங்கி ஏழு வருஷம். நானும் ஆட்களிடம் முதல் சந்திப்பிலேயே படம் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஓவர்சியர் அய்யா எழுதியதைப் படித்த பிறகு இனி அப்படிச் செய்ய மாட்டேன்.

14 வீட்டுக்கு 3 சென்ட் வீதம் 42 சென்ட். மீதி 20 சென்டில் சாலை, வரத்துக்கால், ஒரு பொதுக் கிணறு. விலையைப் பிரித்தால் மனைக்கு 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வரத்துக்காலை மனைகளின் பின்புறமாக விட்டால் கூரைத் தண்ணீர் எல்லாம் தானாக அதில் சேரும். கழிப்பறைக் குழியை மட்டும் அதிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். இரட்டைக் குழியாக இருக்கட்டும்.

வீட்டைப் பற்றி. மும்பை பைகுல்லாவில் நடைபாதையில் குடியிருந்த பெண்கள், மகிளா மிலன் என்ற பெயரில் சேர்ந்தவர்கள், 1980களில் ஒரு வேலை செய்தார்கள். அவர்களோடு நின்றவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த நம்ம தமிழர், 2000இல் மகசேசே விருது வாங்கியவர். அந்தப் பெண்கள் வீட்டைத் தாளில் பார்க்கவில்லை. மரச்சட்டமும் துணியும் கட்டி முழு அளவில் நிறுத்தி, உள்ளே போய் நின்று பார்த்தார்கள். உயரத்தைக் கூட்டி உள்ளே பரண் வைக்க வேண்டும் என்பதை அப்படித்தான் முடிவு செய்தார்கள். நமக்குத் துணிகூட வேண்டாம், கோலமாவு போதும். பட்டறைப் பின்னால் தரையில் 360 சதுர அடிக்குக் கோடு போடுங்கள். அடுப்பு எங்கே, அம்மி எங்கே, பிள்ளை படுக்கிற இடம் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று நடந்து பாருங்கள். சமையல் வேலைக்குப் போகும் மூன்று அக்காவும் பாத்திரம் கழுவும் இடத்தைப் பற்றி எனக்குத் தெரியாததைச் சொல்வார்கள். அதற்கப்புறம் நான் வரைகிறேன்.

முதலிலேயே முழு வீடு எல்லாருக்கும் முடியாது. இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பில் பல மனைகளுக்கு அடித்தளமும் கழிப்பறை, தண்ணீர் இணைப்பும்தான் கட்டிக் கொடுத்தார்கள். மீதியை அந்தந்தக் குடும்பம் வசதி வரும்போது கட்டியது. 1995இல் கட்டிடக்கலைக்கான ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. திட்டப் பணம் வராத ஒன்பது குடும்பத்துக்கு இந்த வழியை நினைத்துப் பாருங்கள்: அடித்தளம் முழு அளவுக்கு, சுவர் ஒரு அறைக்கு மட்டும். கம்பியை மட்டும் மேலே நீட்டி விடாதீர்கள், துருப்பிடிக்கும். மாடிப்படியை அந்தப் படத்திலிருந்து எடுத்துவிடலாம், அந்தக் காசில் ஒரு அறையின் சுவர் ஏறும்.

கூரைக்கு ஒரு யோசனை. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கான்கிரீட் கூரையின் அடிப்பக்கத்தில், கம்பிக் கட்டங்களுக்கு நடுவில், பழைய மங்களூர் ஓட்டை வைத்து வார்த்தார். அந்த இடத்துக் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை என்பதால் சிமெண்டும் எடையும் மிச்சம், உள்ளே வெக்கையும் குறையும். இடிக்கிற வீட்டு ஓடு நம்ம ஊரில் மலிவாகக் கிடைக்கும். கதவு, ஜன்னலுக்கும் கடையில் வேலை பார்க்கும் அக்கா இருக்கிறார். ஆத்தங்குடிக் கல் உடைசலை மட்டும் கூரைக்குள் வைக்கக் கூடாது, அது கான்கிரீட் எடையே இருக்கும். கம்பிக் கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். திட்டப் பணம் வரும் ஐந்து வீட்டுக்கு ஒன்றியப் பொறியாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல் கேளுங்கள், இல்லாவிட்டால் தவணை நின்றுவிடும்.

மனைப்பிரிவு அனுமதி வந்துவிட்டால் வீட்டு அனுமதி இப்போது கடினமில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம் என்றால் இணையத்திலேயே உடனே கிடைக்கிறது.

ஒன்று மனதில் உறுத்துகிறது. உருகுவே நாட்டில் 1968 வீட்டுவசதிச் சட்டம், சேர்ந்து வீடு கட்டும் சிறு குழுக்களுக்கு உதவவென்றே தனி நிறுவனங்களை ஏற்படுத்தியது. கட்டிடக் கலைஞர், வழக்கறிஞர், கணக்கர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே இடத்தில், நிலம் தேடும் நாளிலிருந்து குழுவோடு இருப்பார்கள். அங்கே குடும்பத்துக்கு வாரம் 21 மணி நேரம் உழைப்பு என்று பேசி வைத்துக் கட்டுகிறார்கள். நம்மிடம் அந்த நான்கு பேரும் நான்கு ஊரில் இருக்கிறார்கள். இந்தத் திரியில் மூன்று பேர் தற்செயலாகச் சேர்ந்திருக்கிறோம். கட்டணம் வேண்டாம் அக்கா, பஸ் காசு மட்டும் போதும்.

பழைய ஓவர்சியர் எழுதியது:

நானும் வருகிறேன். கணக்கரைத் தேட வேண்டாம், மயில் இருக்கிறார். உழைப்புக் கணக்குக்கு மட்டும் தனி நோட்டுப் போடுங்கள் தாயி. யார் எத்தனை நாள் மண் சுமந்தார் என்பதை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பணத்தில் வரும் சண்டையைவிட இதில் வரும் சண்டைதான் அதிகம், 11 குடும்பத்தில் அதையும் பார்த்தேன்.

மயில்_ஆத்தங்குடி எழுதியது:

தங்கச்சி, பஸ் காசு மட்டும் இல்ல, சாப்பாடும் எங்களோடதுதான். குழுவுல மூணு சமையல்காரிங்க இருக்காங்கல்ல.

நேத்து முடிவு பண்ணினது இது. சேமிப்புல 2 லட்சத்தைத் தொடாம சுழல்நிதிக்கு ஒதுக்கியாச்சு. புரோக்கர்கிட்ட ஆறு பங்காளி கையெழுத்தும் வந்த பிறகு பேசுவோம்னு சொல்லிட்டோம், கோவமாத்தான் போனார். வி.ஏ.ஓ. கிட்ட கேட்டதுல நிலம் முழுக்க ஊராட்சிக்குள்ளதான் வருதாம். புலப்படத்துக்கு எழுதிக் குடுத்திருக்கோம். இன்ஜினியர் தம்பிகிட்ட படத்தைத் திருப்பிக் குடுத்து நிலைமையச் சொன்னேன், அவரும் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னார்.

எந்திரிச்சுப் போனாளே, அவளும் வந்துட்டா. விலகுறவங்களுக்கு ஆறு மாசத்துல பணம் திரும்பும், மனை குழுவுக்குத்தான்னு எழுதின பக்கத்துல முதல் கையெழுத்து அவளோடது.

ஞாயித்துக்கிழமை காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் பின்னால. வெயில் ஏறுறதுக்குள்ள கோடு போட்டுறணும். அஞ்சு கிலோ கோலமாவு வாங்கி வச்சிருக்கேன், காணுமா?

கீழக்கட்டு எழுதியது:

ஒரு வீட்டுக்குத் தாராளம் அக்கா. வரத்துக்காலையும் சாலையையும் சேர்த்துப் போடுவதென்றால் இன்னும் அஞ்சு கிலோ வேண்டும். நூறு அடி டேப்பும் நைலான் கயிறும் நான் கொண்டு வருகிறேன்.